எட்டு வயது மகளுக்கு எந்தப் பைனாகுலர்?

கோண்டாவிலில் இருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகளுக்கு வரும் மாதம் எட்டு வயது முடிகிறது. கிளி, செண்பகம், மரங்கொத்தி என்று வளவெல்லாம் குருவி பார்த்துத் திரிகிறாளாம். பிறந்தநாளுக்கு 15,000 ரூபாவுக்குள் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுக்க நினைக்கிறார். கடையில் 20×50 என்று ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்லைனில் 30×60 என்று ஒன்று அதைவிட மலிவாகக் கிடக்கிறது. “எதுக்குப் பவர் கூட, எதை எடுக்கலாம்?” என்பது அவருடைய கேள்வி.

பவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது, வாங்கிக் கொடுத்து இரண்டாம் கிழமையே அலுமாரிக்குள் போய்விடாத ஒரு பைனாகுலர் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் முதலில் தெரிய வேண்டிய எண் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் அல்ல. உங்கள் மகளின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீற்றர் என்பதுதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணத்தில் மூக்குக் கண்ணாடிக் கடையில் 26 வருடம் பார்வை சோதித்தவன் நான். அந்த இடைவெளியை ஆயிரக்கணக்கான முகங்களில் அளந்திருக்கிறேன். பழைய பைனாகுலர்களைக் கழற்றிப் பூட்டுவது அப்போதும் இப்போதும் என் பொழுதுபோக்கு. பறவைகள் விஷயத்தில் மட்டும் நான் அரைகுறை. அந்தப் பகுதியை ஒரு ஊர்க்காரன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கண் இடைவெளி ஏன் முக்கியம் என்பதை நான் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தேன். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, கப்பலில் வேலை செய்த என் மாமா ஒரு 7×50 கொண்டுவந்தார். கறுப்பு நிறம், தோல் உறை, கழுத்தில் போட்டால் குனிய வைக்கும் பாரம். கண்ணில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வட்டம் தெரிந்தது, நடுவில் கறுப்பு. “வடிவாத் தெரியுதோ?” என்று மாமா கேட்டார், ஓம் என்றேன். சினிமாவில் பைனாகுலரால் பார்க்கும் காட்சியை இரண்டு வட்டம் ஒட்டினமாதிரித்தானே காட்டுவார்கள்? அதனால் அதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அந்தப் பைனாகுலர் என் முகத்துக்கு மடங்கவில்லை. இரண்டு குழாய்களும் என் கண்களைவிட அகலத்தில் நின்றன. ஒரு கண்ணால் பார்த்தால் மற்றக் கண் இருட்டு. ஒழுங்காகப் பொருந்திய பைனாகுலரில் ஒரேயொரு வட்டம்தான் தெரியும். இதை அறிய எனக்குப் பத்து வருடம் பிடித்தது. “எனக்கு ஒண்டும் தெரியேல்லை” என்று பைனாகுலரைத் திருப்பித் தரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான். பிள்ளைக்குப் பொறுமையில்லை என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம்.

அளப்பது கஷ்டமில்லை. பாடசாலை அடிமட்டம் போதும். மகளை வெளிச்சத்தில் இருத்தி, உங்கள் தலைக்கு மேலாகத் தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை, ஒரு பனை வட்டை, பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் கண்கள் உள்ளே திரும்பி இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைத்துக் காட்டும். அடிமட்டத்தை மூக்குத் தண்டில் கிடையாகப் பிடியுங்கள். எங்கள் ஆட்களின் கண் கறுப்பாக இருப்பதால் கண்மணியின் விளிம்பைக் கண்டுபிடிப்பது சிரமம். கருவிழியின் ஓரத்தை எடுங்கள்: ஒரு கண்ணில் கருவிழியின் இடது ஓரத்தில் இருந்து மற்றக் கண்ணில் கருவிழியின் இடது ஓரம் வரை. நடுவில் இருந்து நடு வரை அளந்த அதே எண்தான் வரும். மூன்று தரம் அளந்து நடு எண்ணை எடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பிழை பரவாயில்லை. நான் அளந்தவரை எட்டு வயதில் 52 முதல் 57 வரைதான் கூடுதலான பிள்ளைகள். வளர்ந்தவர்கள் அனேகமாக 58 முதல் 68.

இப்போது பைனாகுலரை அதே அடிமட்டத்தால் அளவுங்கள். நடுப் பிணைச்சலில் இருந்து முழுதாக மடக்கி, கண் பக்கத்தில் ஒரு வில்லையின் இடது ஓரத்தில் இருந்து மற்றதன் இடது ஓரம் வரை. பெரிய அளவுப் பைனாகுலர்களில் நிறைய 56 அல்லது 57இல் நின்றுவிடும், அதற்குக் கீழே மடங்காது. உங்கள் மகளுக்கு 54 என்றால் அப்படியொன்று இன்றைக்கு அவளுக்கு உதவாது. விலை, பெயர், பவர் எதையும் அதற்குப் பிறகு பார்க்கத் தேவையில்லை. இரட்டைப் பிணைச்சல் வைத்த சின்னப் பைனாகுலர்களில், அதாவது சட்டைப் பைக்குள் அடங்குகிறமாதிரி இரண்டு பக்கமும் தனித்தனியே மடிகிறவற்றில், இடைவெளி நன்றாகச் சுருங்கும். ஒற்றைப் பிணைச்சல் சின்னவை எல்லாம் அப்படியில்லை. உருவம் சின்னது என்பதற்காக முகத்துக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம், அளந்தே பாருங்கள். ஒன்லைனில் வாங்குவதென்றால் விபரத்தில் கண் இடைவெளி இத்தனை முதல் இத்தனை வரை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சரி, பவருக்கு வருவோம். 8×32 என்றால் 8 உருப்பெருக்கம், 32 முன் வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 4. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீற்றரில். இந்த எண் பெரிதென்றால் மைம்மல் பொழுதிலும் காட்சி வெளிச்சமாக இருக்கும். அதைவிடப் பிள்ளைக்கு முக்கியமான விஷயம் ஒன்றுண்டு: கண் கொஞ்சம் விலகினாலும் காட்சி இருளாது. 6×30இல் அது 5. 8×21இல் 2.6 மட்டுமே. கடையில் காட்டிய 20×50இல் 2.5.

உருப்பெருக்கம் கூடக்கூட இரண்டு விஷயம் கெடும். ஒன்று, கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். பத்துக்கு மேலே போனால் வளர்ந்தவர்களே ஸ்டாண்ட் இல்லாமல் திணறுவார்கள். 20×50 என்பது ஒரு கிலோவுக்குக் கிட்டப் பாரமான சாமான். எட்டு வயதுக் கை அதை ஒரு நிமிடம் தூக்கிப் பிடிக்காது. மற்றது பார்வையின் அகலம். உங்கள் வளவில் 20 மீற்றர் தள்ளி ஒரு பனை நிற்கிறது என்று வையுங்கள். நல்ல 6×30 ஒன்றில் அந்த இடத்தில் ஏறத்தாழ 2.8 மீற்றர் அகலம் தெரியும். 20×50இல் ஒரு மீற்றர் மட்டில். மரங்கொத்தி எந்த மட்டையில் இருக்கிறது என்று பிள்ளை அந்த ஒரு மீற்றர் ஓட்டைக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது அது அடுத்த வளவுக்குப் போய்விடும். அதோடு மலிவான 20×50கள் கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகக் காட்டா. மாமரத்தில் நாலு மீற்றரில் இருக்கும் புலுனி மங்கலாகவே தெரியும். பிள்ளைக்கு 6 நல்லது, 8 போதும், 10 வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்லைன் 30×60ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பைனாகுலரில் 60 மில்லிமீற்றர் வில்லை இருக்க இடமேயில்லை. 60 என்றால் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் அகலம். இந்த ரகத்தில் என் மேசைக்கு வந்தவற்றில் முன் வில்லை 22 மில்லிமீற்றர் அளவில்தான் இருந்தது. உருப்பெருக்கத்தையும் வீட்டிலேயே சோதிக்கலாம். பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கிக் கண் பக்க வில்லையைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு தெரியும். அடிமட்டத்தை அதன்மேல் வைத்து அகலத்தை அளந்து, முன் வில்லையின் விட்டத்தை அதனால் வகுத்தால் வருவதுதான் உண்மையான பவர். 22ஐ 3ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7. பொட்டை அடிமட்டத்தால் அளக்கும்போது அரை மில்லிமீற்றர் அங்கே இங்கே போகும். அதனால் 7ஆ 8ஆ என்று இந்தக் கணக்கு சொல்லாது. 7ஆ 30ஆ என்று கட்டாயம் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய் எண் உண்மையாக இருந்தால்தான் பிள்ளைக்கு மோசம். 7 என்பது நல்ல பவர்! குற்றம் பவரில் இல்லை. இப்படி எண்ணில் பொய் சொல்கிறவர்கள் உள்ளே அரியத்தையும் (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கட்டி) வில்லையையும் கவனமாகப் பொருத்தியிருப்பார்கள் என்று நம்ப முடியாது, அவ்வளவுதான்.

அப்போ எதை வாங்குவது? கையில் எவ்வளவும் இருந்தால் நான் கை காட்டுவது 6×30, பொரோ அரியம் வைத்தது. இத்தாலியரான பொரோ 1854இல் காப்புரிமை எடுத்த பழைய அமைப்பு, தோள் அகன்ற பழைய பாணி உருவம். குழாய் நேராகப் போகும் ஒல்லி ரகம் பார்க்க நவீனமாக இருந்தாலும் அதன் அரியத்தை மிக நுட்பமாகச் செய்ய வேண்டும். அதனால் மலிவு விலையில் பொரோதான் கூடுதலான தெளிவு தரும். ஜப்பான் நிறுவனமான கோவாவின் (Kowa) வைஎஃப் 6×30 என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ அரைக் கிலோ, கண் இடைவெளி 50 வரை இறங்கும், வளர்ந்த பிறகும் அவள் அதையே வைத்திருக்கலாம். ஆனால் அது வெளியூரிலேயே 100 டொலர் பக்கம். உங்கள் 15,000க்குள் அடங்காது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தப்பா, பெரியம்மா யாராவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சொக்லேட்டுக்குப் பதில் இதைச் சொல்லுங்கள்.

15,000க்குள் என்றால் நான் 8×21 அல்லது 8×25 ஒன்றைத் தேடுவேன். செலஸ்ட்ரோன், புஷ்னெல், ஒலிம்பஸ், நிக்கோன் போன்ற பெயர்களின் ஆகக் கீழ்ப்படி ரகங்கள். இறக்குமதிச் சாமான் என்பதால் விலை டொலரோடு ஏறி இறங்கும். இவற்றில் எது அந்த விலைக்குள் வரும் என்பது நீங்கள் வாங்கும் கிழமையைப் பொறுத்தது. 200, 300 கிராம் பாரம், கழுத்தில் கிடப்பதே தெரியாது. எங்கள் வெயிலுக்கு 21 மில்லிமீற்றர் வில்லை பகலில் தாராளம். மைம்மலுக்குப் பிறகு சோர்ந்துவிடும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். றப்பர் உறை போட்டுப் ‘பிள்ளைகளுக்கான’ என்று விற்கும் சீனத் தயாரிப்பு 8×21களையும் ஒதுக்கிவிட மாட்டேன். சிலது ஆச்சரியமாக நன்றாக இருக்கிறது, சிலது குப்பை. ஒரே பெட்டியில் வந்த இரண்டுகூட ஒன்றுபோல் இல்லாததைக் கண்டிருக்கிறேன். அதனால் பெயரை வைத்துச் சொல்ல என்னால் முடியாது, கையில் எடுத்துச் சோதித்தால்தான் சொல்லலாம். நாலு வயதுத் தம்பிக்கும் ஒன்று வேண்டுமென்று அழுகை வந்தால், நல்லூர்த் திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஒன்றே போதும். அரியம் இல்லாத மூன்று நாலு மடங்குச் சாமான், உடைந்தாலும் கவலையில்லை.

வேண்டவே வேண்டாதவை மூன்று. பவரைக் கூட்டிக் குறைக்கும் ஸூம் ரகம், மலிவில் அது நன்றாக வந்து நான் கண்டதில்லை. முன் வில்லை மாணிக்கச் சிவப்பாக மினுங்கும் ரகம், சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பச்சை பிடித்த மங்கல் காட்சியைத்தான் கண்ணுக்குத் தரும். போகஸ் சில்லே இல்லாமல் ‘தானாகப் போகஸ் ஆகும்’ என்று விற்பது, தூரத்தில் இருப்பதை மட்டும் தெளிவாகக் காட்டும், கிட்ட வந்தால் பிள்ளையின் கண்தான் பாடுபட வேண்டும். தண்ணீர் புகாதது வேண்டுமா என்றால், இந்த விலையில் அதைத் தேடி மற்றதைக் கோட்டை விட வேண்டாம். மாரியில் உள்ளே வைத்திருங்கள்.

கடையில் சோதிக்க ஐந்து நிமிடம் எடுங்கள். வெளியே வந்து தூரத்தில் உள்ள மின்கம்பிக்கோ கூரை முகட்டுக்கோ போகஸ் செய்யுங்கள். பிறகு காட்சியை விடாமல் பைனாகுலரை மெதுவாகக் கண்ணில் இருந்து நாலைந்து சென்ரிமீற்றர் தள்ளுங்கள். ஒரு பக்கக் கம்பி மேலேயும் மற்றப் பக்கக் கம்பி கீழேயுமாகப் பிரிந்தால் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலை குறைத்தாலும் வேண்டாம். பிள்ளைகளின் கண் இந்தப் பிழையை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டிவிடும். அதனால் அவர்கள் முறையிட மாட்டார்கள், தலையிடிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைனாகுலரைத் தொடாமல் விடுவார்கள். அடுத்து முன்பு சொன்ன வெளிச்சப் பொட்டைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் அரியம் மலிவான கண்ணாடி. பெட்டியில் பாக்-4 (நல்ல ரக அரியக் கண்ணாடியின் பெயர்) என்று எழுதியிருந்தாலும் நீங்கள் கண்ணால் கண்டதையே நம்புங்கள். சதுரம் தெரிவது மட்டும் தள்ளிவிடக் காரணமில்லை, ஓரம் கொஞ்சம் மங்கும் அவ்வளவே. கடைசியாகப் போகஸ் சில்லை மகளையே உருட்டச் சொல்லுங்கள். உங்கள் விரலுக்கு இலகுவாக இருப்பது அவளுடையதற்கு இறுக்கமாக இருக்கலாம்.

பழையது வாங்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வாங்கலாம். ஐம்பது வருடத்துக்கு முந்திய நல்ல 8×30 பொரோ ஒன்று இன்றைய மலிவுப் புதுசை வெல்லும். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு எதிரி உண்டு, பங்கசு. மாமாவின் 7×50க்கு நடந்ததைச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் பைனாகுலர் வீட்டில் இருப்பதே வில்லங்கம். தோல் உறையோடு பொலித்தீனில் சுற்றி, கூரை வளைக்குள் செருகி வைத்தோம். எத்தனையோ இடப்பெயர்வுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தபோது வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே அரியத்தில் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தது. கழற்றித் துடைத்தேன், பங்கசு போனது, அது அரித்த தடம் போகவில்லை. ஆகவே பழையதை வாங்குமுன் முன் வில்லை வழியாக வெளிச்சம் பாய்ச்சி உள்ளே பாருங்கள். நூல்போல, பனிப்பூப்போல ஏதும் தெரிந்தால் விடுங்கள். கைத்தொலைபேசி வெளிச்சமே இதற்குப் போதும்.

வாங்கிய பிறகு முதல் நாள் நீங்கள்தான் பொருத்திக் கொடுக்க வேண்டும். பிணைச்சலை மடக்கி “ஒரு வட்டமா, ரெண்டு வட்டமா?” என்று கேளுங்கள். ஒன்று என்று சொல்லும்வரை மடக்குங்கள். மகள் மூக்குக் கண்ணாடி போடுகிறவள் என்றால் கழற்ற வேண்டாம், கண் பக்க றப்பரை உள்ளே மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விரித்தபடி விடுங்கள். வலது கண்வில்லையில் தனியாகச் சுழலும் வளையத்தை நடுவில், சைபரில் வைத்து மறந்துவிடுங்கள். இரண்டு கண்ணும் ஒரேமாதிரி உள்ள பிள்ளைக்கு அது தேவையில்லை. கழுத்துப் பட்டி நெஞ்சு மட்டத்துக்குக் கட்டையாக இருக்கட்டும், வயிற்றில் ஆடினால் கதவு, சைக்கிள் எல்லாவற்றிலும் அடிபடும். முதலில் பறவையைத் தேட விடாதீர்கள். ஓடாத பெரிய பொருள் ஒன்று வேண்டும். நல்லூர்க் கோபுரத்தைப் போல அதற்கு வாய்ப்பானது வேறில்லை: இரண்டாம் தட்டில் எத்தனை பொம்மை என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு பழக்க வேண்டியது ஒரே வித்தை. வெறுங்கண்ணால் பறவையைப் பார், கண்ணை எடுக்காதே, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. பிள்ளைகள் பைனாகுலரை முதலில் வைத்துவிட்டுப் பிறகு மரமெல்லாம் துழாவுவார்கள். வேலிக் கதியாலிலோ சைக்கிள் சீற்றிலோ முழங்கையை ஊன்றினால் நடுக்கம் பாதியாகிவிடும்.

எல்லாம் சரியாகப் பொருந்தியும் அவள் எப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே பார்க்கிறாள் என்றால், அல்லது ஒரே கண்ணால் மட்டும் தெரிகிறது என்றால், பைனாகுலரை மாற்ற முன் கண்ணைச் சோதியுங்கள். ஒரு கண் பார்வை பின்தங்கிச் ‘சோம்பேறிக் கண்’ ஆகியிருக்கும் பிள்ளைகள் தாங்களாகச் சொல்வதில்லை, மற்றக் கண் எல்லாவற்றையும் சமாளித்துவிடும். சின்ன வயதில் பிடித்தால்தான் வைத்தியம் நன்றாகப் பலிக்கும். இப்படித் தற்செயலாகத் தெரியவந்த இரண்டு பிள்ளைகள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கண்ணை மூடுகிற பிள்ளைக்கெல்லாம் வருத்தம் என்று பயப்படத் தேவையில்லை. பாதிப் பேருக்கு அது வெறும் பழக்கம்.

பைனாகுலர் பார்த்தால் கண் கெடுமா என்று பாட்டிமார் கேட்பார்கள். கெடாது. ஒழுங்காகப் போகஸ் செய்தால் கண் தூரத்தைப் பார்க்கும் நிலையில்தான் இருக்கும். கையில் போனை வைத்துப் பார்ப்பதைவிட எவ்வளவோ ஆறுதல். பார்வையைப் பறிக்கக்கூடிய ஒன்றே ஒன்று உண்டு, சூரியன். பைனாகுலர் வழியாக ஒரு கணம் பார்த்தாலே விழித்திரை எரியும், வலியும் தெரியாது, போனது திரும்பாது. 2010 ஜனவரியிலும் 2019 டிசம்பரிலும் யாழ்ப்பாணத்தில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது பைனாகுலரும் எக்ஸ்ரே பிலிமுமாக நின்ற ஆட்களை நான் கண்டேன். மகளுக்கு ஒரே சட்டம் போடுங்கள்: சூரியன் எப்போதும் முதுகுப் பக்கம். பண்ணைப் பாலத்துக்குக் காலையில் போய் மேற்கே தீவுப் பக்கம் பார்த்தால் அந்தச் சட்டம் தானாக நிறைவேறும். மாலையில் அதே இடம் ஆபத்து, சூரியன் கடலுக்குள் இறங்குவது நேரே முன்னால்.

பண்ணை என்றதும் பூநாரை ஞாபகம் வருகிறது. மாரி காலத்தை ஒட்டி மண்டைதீவுப் பக்கக் களப்பில் வந்து நிற்பதுண்டு. எல்லா வருடமும் ஒரே இடத்தில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வல்லை வெளியும் தொண்டைமானாறும் அந்த மாதங்களில் நல்ல இடங்கள். வளவைவிட்டு வெளியே போகாமலே ஒரு அதிசயம் உண்டு. உங்கள் பனையில் கொத்தும் மரங்கொத்தியின் முதுகு பொன் மஞ்சள், தெற்கே உள்ளதற்கு அது சிவப்பு. வடக்கில் உள்ள இந்தத் துணையினத்தின் விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல்லே ‘ஜஃப்னென்சே’. எங்கள் ஊர்ப் பெயரைச் சுமக்கிற பறவை. இரவில் நிலாவின் பள்ளங்களும், கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஆறுக்குப் பதில் சில டசின் நட்சத்திரமும் 8×21இலேயே தெரியும். மதிலில் ஊன்றிப் பிடித்தால் வியாழனுக்குப் பக்கத்தில் 1610இல் கலிலியோ கண்ட நாலு நிலாக்களில் இரண்டு மூன்றாவது பிடிபடலாம். சனியின் வளையம் தெரியாது, ஆசை காட்டி ஏமாற்ற வேண்டாம். மின்சாரமே இல்லாமல் கிடந்த தொண்ணூறுகளில் நாங்கள் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்துக் கண்ட வானம் இப்போது ஊருக்குள் இல்லை. நெடுந்தீவில் ஒரு இரவு தங்கினால் அதில் கொஞ்சம் கிடைக்கும். இன்னொன்று, முகாம், விமானத்தளம் உள்ள பக்கம் பைனாகுலரைத் திருப்பக்கூடாது என்பதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள். காலம் மாறிவிட்டது, ஆனாலும் வீண் கரைச்சல் வேண்டாம்.

பராமரிப்பு கொஞ்சம்தான். களப்புப் பக்கம் போய் வந்தால் வில்லையில் உப்பும் மண் துகளும் ஒட்டியிருக்கும். சாரத்தின் நுனியாலோ சட்டையாலோ துடைத்தால் அதுவே உரஞ்சிக் கீறும். முதலில் ஊதுங்கள், பிறகு ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள், கடைசியில் மூக்குக் கண்ணாடிக் கடையில் தரும் மெல்லிய துணி. வைப்பதற்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே புதுச் சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் மூன்று நாலு. தோல் உறைக்குள் வைக்க வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அரிசிக்குள் புதைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அரிசித் தூசி பிணைச்சலுக்குள் போய்விடும், செய்யாதீர்கள்.

அளந்துவிட்டு எண்ணை இங்கே எழுதுங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறாளா என்பதையும் சேர்த்து. 56க்கு மேலே வந்தால் கடையில் உள்ள 8×30, 8×32 ரகங்களையும் பார்க்கலாம், உங்கள் தெரிவு அகலமாகிவிடும். 54க்குக் கீழே என்றால் இரட்டைப் பிணைச்சல் 8×21 ஒன்றோடு தொடங்குங்கள். 20×50ஐக் கடைக்காரர் இன்னும் ஒருதரம் எடுத்துக் காட்டினால், மகளிடம் கொடுத்து எதிரே உள்ள பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்லுங்கள்.